எட்கார் தர்ஸ்டனார்: முருகைக் கல்லும் மூக்களவும்

எம் கல்லூரி விலங்கியற் கூடத்துக் கண்ணாடிப் பேழை ஒன்றினுள் இரண்டு பவளக் கற்கள் உள. முருகைக் கல் எனக் கடற்கரை மக்கள் வழங்கும் இனத்தைச் சேர்ந்தவை அவை. இரண்டும் ஒரு சிறு தேங்காயின் பருமன் உடையன. இரண்டின் மேலும் தேனடையின் அறைகளைப் போலக் குழிகள் நெருங்கியிருக்கும். பெயர்ச் சீட்டுகளோ பசை உலர்ந்து உதிர்ந்து, பேழையின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அக்கூடத்துட் புகுந்த எம்மை அத்துறை ஆசிரியர் ஒருவர் அழைத்து, எந்தச் சீட்டு எந்தக் கல்லுக்கு உரியது என்று சொல்லுமாறு பணித்தார். தமிழ் ஆனர்சு வகுப்பிற் கற்ற இலக்கணம் ஒன்றும் அங்கு உதவவில்லை. கால்மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று விடை கூறினோம். ஆசிரியர் நகைத்து, மெலிந்த ஆங்கில நூல் ஒன்றின் படியை எம் கையிற் கொடுத்தார். இராமேசுவரத் தீவையும் மன்னார்க் குடாவின் உயிர்களையும் பற்றி 1895ஆம் ஆண்டிற் சென்னை அரசினர் கலைக்காட்சிசாலையார் வெளியிட்ட நூல் அது. ஆக்கியோர் பெயரைக் கண்டதும் திடுக்கிட்டோம். எட்கார் தர்ஸ்டன் என்னும் அப்பெயரை யாம் முன்னரே அறிவோம். ஆனால் பவளத்தோடு சேர்த்து அறிந்தோமில்லை.

தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதிகளை அறியாத மாணவர் எம் கல்லூரியில் மிகச் சிலரே. 1909ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், அகரவரிசையில் ஒவ்வொரு குலத்தையும் நிறுத்தி, அதன் பெயர், தொழில், மணமுறை, ஈமச் சடங்கு, தெய்வம், பழக்கம் ஆகியவற்றை விரித்துரைப்பது. அதனை முதன்முதற் கையிலெடுத்த நாளில் யாம் தேடியது எம் முன்னோர் பிறந்த குலத்தின் பெயரையே. இதனை மறைக்க வேண்டுவதில்லை. எம் நண்பர் பலரும் அவ்வாறே செய்தனர். ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை கடந்த குடும்பத்தார்க்கும் அவ்வகராதியில் ஓர் இடம் காத்திருக்கின்றது. குலங்கள் பலவற்றிற்கு ஆளின் உயரமும், தலையின் நீள அகலமும், மூக்கின் அளவும் எண்களாய் அங்கே நிற்கின்றன. அவ்வெண்களைக் கண்டபொழுது எம் கை அறியாமலே எம் மூக்கைத் தடவிற்று. அன்று எழுந்த கூச்சமும் சினமும் இன்னும் முற்றும் ஆறவில்லை. அதே கையே மன்னார்க் குடாவின் பவளத்தையும் பொறுக்கிச் சேர்த்தது என்று அறிந்தபின், அம்மனிதரின் வாழ்க்கையை முழுதும் அறிய விரும்பினோம்.

எட்கார் தர்ஸ்டனார் 1855ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை அடுத்த கியூ என்னும் ஊரிற் பிறந்தவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியிற் கற்று, பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று, 1877ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டயம் பெற்றார். கென்ட் மாகாணத்து மனநோயாளர் விடுதியிற் சிலகாலம் பணியாற்றிய பின், தாம் பயின்ற கல்லூரியின் காட்சிசாலைக்கே காப்பாளரானார். நோயாளரினும் பேழைகளிலேயே அவர்க்கு நாட்டம் மிகுதி போலும். 1885ஆம் ஆண்டிற் சென்னைக் கலைக்காட்சிசாலையின் தலைவராய் இந்நாடு வந்து சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பதளவு. அதன்பின் ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள், 1908ஆம் ஆண்டு வரை, எழும்பூரே அவர்க்கு உறைவிடமாயிற்று.

அக்காட்சிசாலை 1851ஆம் ஆண்டிற் தோன்றியது. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் முதற் பொறுப்பாளர். அவரே அங்குச் சில விலங்குகளையும் உயிரோடு வளர்க்கத் தொடங்கினார். அவ்விலங்குகள் பின்னர் மக்கள் பூங்காவிற்குக் கொண்டுபோகப்பட்டன. சென்னைப் பாமர மக்கள் இவ்விரு இடங்கட்கும் இட்ட பெயர்கள் புலவரும் இடமாட்டாத பொருத்தம் உடையன. விலங்குச்சாலை உயிர்க் காலேஜ். கலைக்காட்சிசாலை செத்த காலேஜ். பஞ்சு திணித்த புலியும், சாராயப் புட்டியிலிட்ட பாம்பும், கம்பியிற் கோத்த திமிங்கில எலும்பும் உள்ள வீட்டிற்கு வேறென்ன பெயர் தகும்? வந்தேறிய துரை எழுதிய பெரும்பான்மையும் இந்தச் செத்த காலேஜின் மேசையிலிருந்தே பிறந்தவை. பழங்காசுகளைப் பற்றியும் எழுதினார். முத்துக் குளித்தலைப் பற்றியும் எழுதினார். 1894ஆம் ஆண்டு முதற் காட்சிசாலையின் பெயரால் ஆராய்ச்சி வெளியீடுகள் வரத் தொடங்கியதும் அவர் முயற்சியே. நாம் ஒரு துறையிற் கால்வைத்து மறு துறையை எட்டிப்பாராத இக்காலத்தில், அம்மனிதரின் ஓயாத விரிவு வியப்பே தருகின்றது.

கடலை நோக்கி அவரை ஈர்த்தது முத்து. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பிகள் வாழும் திட்டுகளைப் பரவர் பார் என்பர். அரசினர் முத்துக்குளிப்பு நடத்திய காலங்களில் தர்ஸ்டனார் அங்குச் சென்று, முத்தும் சங்கும் எடுக்கும் முறையையும், அக்கடலின் உயிர்களையும் பற்றி 1890ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சென்னையிலிருந்து தெற்கே சென்ற அக்கால இருப்புப்பாதை செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே சென்றது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே அப்பாதையின் மேலுள்ள முண்டியம்பாக்கமே எம் ஊர். ஆகவே அளவுக் கோல்களும் சாராயப் புட்டிகளும் நிறைந்த பெட்டிகளோடு துரையவர்கள் எம் ஊர் வயல்களைக் கடந்தே போயிருத்தல் வேண்டும் என்று எண்ணுதலில் எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. கரும்பையும் நெல்லையும் அன்றிக் கடலை அறியாத ஊர் எம்முடையது. எனினும் கல்லின் பொய்த்தோற்றத்தை எம் பக்கத்துப் பிள்ளைகள் இளமையிலேயே கண்டவர்களே. வானூர் வட்டத்துத் திருவக்கரையிற் கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் வீழ்ந்த மரங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. பட்டையும் வரையும் கண்டு விறகென்று தொட்டால் உள்ளெல்லாம் கல். பவளமோ இதற்கு மறுதலை. கல்லென்று கண்டால் உள்ளே உயிர்.

இராமேசுவரத் தீவிற்குப் பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. தர்ஸ்டனார் காலத்திற் படகேறியே தீவை அடைதல் வேண்டும். முத்துக்குளிக்கும் மக்களின் துணைகொண்டு கடலடியிலிருந்து நண்டும், கடற்பஞ்சும், நட்சத்திர மீனும், பவளமும் எடுப்பித்தார். எடுத்தவற்றையெல்லாம் தாமே பெயரிட்டு வகுக்க அவர் துணியவில்லை. ஈண்டு அவர் அடக்கத்தைப் பாராட்டுதல் வேண்டும். நண்டு இறால் இனங்களைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன் ஆராய்ந்து 1893ஆம் ஆண்டில் வெளியிட்டார். மிஷன் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அந்நாளிலேயே உலகறிந்த ஆராய்ச்சி செய்தது நமக்குப் பெருமையன்றோ? அந்த ஹெண்டர்சனே பின்னர் 1911ஆம் ஆண்டிற் காட்சிசாலையின் தலைவராகவும் ஆனார். பவளங்களோ கப்பலேறி இலண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலைக்குச் சென்றன. அங்கு ஜார்ஜ் புரூக் என்னும் அறிஞர் அவற்றைத் தம் பட்டியலிற் சேர்த்துக்கொண்டார்.

இவ்விடத்திற் பவளத்தின் இயல்பைச் சிறிது கூறாவிடின் மேற்செல்ல இயலாது. நாம் கல்லென்று காண்பது, ஊமத்தம் பூவைப் போல வாயும் விரல்களும் உடைய நுண்ணிய உயிர்கள் பல சேர்ந்து கட்டிய வீடு. ஒவ்வோர் உயிரும் தன் அடியிற் சுண்ணாம்பை ஊறவைத்து ஒரு கிண்ணம் செய்துகொள்ளும். கிண்ணத்தினுள் ஆரக்கால்களைப் போலத் தகடுகள் நிற்கும். உயிர் இறந்தபின் எஞ்சுவது கிண்ணமே. ஆகவே பவளத்தை இனம் பிரிப்போர் முழுக்கல்லின் உருவத்தை நோக்கி ஏமாறாது, கிண்ணத்தையே பூதக்கண்ணாடியால் நோக்குதல் வேண்டும் என்பர். மான்கொம்பைப் போலக் கிளைக்கும் இனத்தில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தலைக் கிண்ணம் இருக்கும். அதுவே அதன் முத்திரை. மற்றும் இரண்டு இனங்கள் பாசி படர்ந்தாற்போலவும் விரல்விட்டாற்போலவும் ஒன்றையொன்று ஒத்து வளர்வன. அவற்றுள் போரைட்டிசின் கிண்ணங்கள் ஒரு மில்லிமீட்டர் அளவினவாய்ச் சுவரோடு சுவர் நெருங்கி நிற்கும். மோண்டிபோராவின் கிண்ணங்களோ விலகி நிற்க, இடைவெளியில் வேர்க்குரு போன்ற மேடுகள் தோன்றும். எம்மை மயக்கிய இரண்டு கற்களும் பேவியா, பேவைட்டிஸ் என்னும் இனங்களைச் சேர்ந்தவை. முன்னதிற் கிண்ணந்தோறும் தனிச்சுவர் உண்டு, இரண்டு சுவர்க்கும் நடுவே ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். பின்னதில் அண்டை வீட்டார் இருவர்க்கும் ஒரே சுவர். நம் கடலின் பேவியாக்களை 2012ஆம் ஆண்டு முதல் டிப்சாஸ்திரேயா என்னும் வேறு பெயரால் அழைக்கின்றனர் என்பது தனிக்கதை. எம் சீட்டு பழைய சீட்டு.

இலக்கணம் இவ்வளவு தெளிவாயிருந்தும் அறிஞர் இடறினர். புரூக் 1893ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மான்கொம்புப் பவளத்தை மட்டும் 221 இனங்களாய்ப் பிரித்தார். அந்நாளில் அதற்கு மாத்ரிபோரா என்று பெயர். இக்காலத்தில் அக்ரோபோரா என்பர். நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் இறந்தார். நூறாண்டு கழித்து, கடலினுட் சென்று உயிருள்ள பவளத்தைப் பார்த்தறிந்த ஆராய்ச்சியாளர், அப்பெயர்களிற் பல ஒரே உயிருக்கு இட்ட பல பெயர்கள் என்று கண்டு, நூற்றுக்குச் சற்று மேற்பட்ட இனங்களையே நிறுத்தினர். காரணம் வியப்பானது. அலை மோதும் இடத்தில் ஒரு பவளம் கட்டையாய்க் குறுகி வளரும். அமைதியான நீரில் அதுவே நீண்டு மெலிந்து கிளைக்கும். ஒளி குன்றிய ஆழத்தில் ஒளியை ஏந்தும் பொருட்டுத் தட்டைப் போல விரியும். மூன்று இடத்து மூன்று துண்டுகளை உலர்த்தி மேசையிலிட்டால், எத்துணைப் பெரிய அறிஞரும் மூன்று பெயரையே இடுவர். புரூக்கிற்குப் பின் அப்பணியை மேற்கொண்ட ஹென்றி பெர்னார்டோ இதனால் மனமுடைந்து, 1903ஆம் ஆண்டு முதல் வந்த தொகுதிகளில் இனப்பெயர் இடுதலையே கைவிட்டார். இன்ன கடல், இன்ன எண் என்று இடத்தாற் சுட்டி நிறுத்திக்கொண்டார். அக்காலத்தார் அவரை எள்ளினர். யாம் அவரை எள்ளமாட்டோம். தெரியாததற்குப் பெயரிடாது விடுதலும் ஓர் அறிவே. அண்மையில் மரபணுவை ஆராய்வோர், ஒன்றென்று சேர்க்கப்பட்டவற்றுள் சில உண்மையில் வேறு வேறே என்று மீண்டும் பிரிக்கத் தொடங்கியுள்ளனர். வழக்கு இன்னும் தீரவில்லை.

செத்த காலேஜின் குறை இதுவே. சில வேற்றுமைகள் உயிருள்ளபொழுதே தோன்றுவன. கோனியோபோரா, ஆல்வியோபோரா என்னும் இரண்டு பவளங்கள் நீருள் பூச்செண்டைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். உயிர் விரிந்திருக்கையில் விரல்களை எண்ணின் முன்னதற்கு இருபத்துநான்கு, பின்னதற்குப் பன்னிரண்டு. சுத்தியற் பவளம், தவளைமுட்டைப் பவளம் எனப்படும் இரண்டின் கற்களைப் பிரித்தறிதல் வல்லார்க்கும் அரிது. விரல்நுனியின் வடிவமே ஒன்று சுத்தியல், ஒன்று முட்டைக்கொத்து என்று காட்டிக்கொடுக்கும். இதனை இன்று நன்கறிந்தவர் அயல்நாடுகளில் வீட்டிற் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போர். ஒரே பவளத்தை இரண்டாய் வெட்டி, விளக்கும் நீரோட்டமும் வேறுபட்ட இரண்டு தொட்டிகளில் இட்டால், ஓராண்டில் நிறமும் உருவும் மாறி, உடன்பிறந்தவை என்று ஒருவரும் நம்பாதபடி ஆகிவிடும் என்பது அவர்கள் நாளும் காண்பது. நம் நாட்டிற் கற்பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார்க் குடாவிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். தூத்துக்குடிப் பக்கத்திற் சுண்ணாம்பிற்காகவும் வீட்டிற்காகவும் பவளத்தை வண்டி வண்டியாய் அள்ளிய காலத்தை நினைத்தால் அச்சட்டம் மிகையன்று. தர்ஸ்டனார் 1895ஆம் ஆண்டில் எழுதிவைத்த பட்டியலோ, அவ்வள்ளலுக்கு முன் அங்கு எவை இருந்தன என்பதற்கு இன்று நமக்குள்ள மிகச் சில சான்றுகளுள் ஒன்று.

செத்த காலேஜிற்கு ஓர் உயிர் நீர்ச்சாலை வேண்டும் என்னும் எண்ணம், ஆம்ப்தில் பிரபு சென்னை ஆளுநராய் இருந்தபோது, தர்ஸ்டனார் பதவிக்காலத்திலேயே உருப்பெற்றது. சென்னைக் கடற்கரையில் அந்த மீன்காட்சிசாலை 1909ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குள் தர்ஸ்டனார் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது.

இனி மூக்கிற்கு வருவோம். 1894ஆம் ஆண்டளவில் நீலகிரித் தோடரையும் கோத்தரையும் அளந்து எழுதத் தொடங்கியவர், 1901ஆம் ஆண்டில் இந்திய அரசினர் நாடெங்கும் குலங்களை ஆராய ஏற்பாடு செய்தபோது, சென்னை மாகாணத்திற்குப் பொறுப்பாளரானார். அவ்வேற்பாட்டின் தலைவர் ரிஸ்லி துரையின் கொள்கை எளியது: மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறாற் பெருக்கின் வரும் எண்ணே குலத்தின் உயர்வு தாழ்வைக் காட்டும் என்பது. கடற்கரையிற் புட்டிகளோடு சென்ற தர்ஸ்டனார் இப்பொழுது இடுக்கிக் கோல்களோடு மலையும் சிற்றூரும் சென்றார். ஏற்பட்ட நிகழ்ச்சிகளை அவரே தம் நூலின் முன்னுரையிற் பதிந்துள்ளார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தம்முள் அழகியரைப் பிடித்துப் பஞ்சு திணித்துச் சென்னைக் காட்சிசாலையில் நிறுத்தவே துரை வந்துள்ளார் என்று நம்பினராம். நீலகிரி இருளர் ஒருவர், பழைய குற்றம் ஒன்றிற்காகக் காவலர் தேடிய நிலையில், உயரம் அளக்கும் கம்பத்தைக் கண்டு தூக்குமரம் என்று மருண்டு, அளவிற்கு உடன்படவே மறுத்தாராம். துரை இவற்றை நகைச்சுவையாய் எழுதினார். யாம் படித்தபொழுது நகைப்பு வரவில்லை. அப்பெண்கள் செத்த காலேஜின் வேலையை நன்கறிந்தே அஞ்சினர். அதன் பேழைகளில் உள்ளவையெல்லாம் ஒருகாலத்தில் உயிரோடிருந்தவையல்லவோ? இருளரும் முற்றும் பிழைத்தாரல்லர். தர்ஸ்டனார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளவையியலைப் பற்றி ஆற்றிய விரிவுரைகட்குக் காவற்றுறையினரும் வந்திருந்தனர். குற்றவாளியை உடலளவால் அடையாளங் காணுதல் அவர்கள் கருத்து. 1871ஆம் ஆண்டிற் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. பிறப்பாலேயே ஒருவனைக் கள்வன் என்று எழுதிவைக்கும் அச்சட்டத்தைத் தர்ஸ்டனார் செய்தாரென்று யாம் கூறவில்லை; ஆனால் குலமே மனிதனின் இனம் என்று நம்பிய காலத்தின் பிள்ளைகள் இருவரும்.

அவர் தொகுதியில் இருளரைப் பற்றிய பகுதியும் உண்டு. தென்னார்க்காட்டு இருளரும் அதில் வருவர். எம் ஊர்ப் பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இன்றும் வயல் வேலையிலும் செங்கற் சூளையிலும் உழைத்து வாழ்கின்றன. திருட்டொன்று நிகழ்ந்தால் முதலில் ஐயுறப்படுவோர் எவர் என்பதை ஊரார் அறிவர். எம்முடன் தொடக்கப் பள்ளியிற் பயின்ற இருளர் வீட்டுப் பிள்ளை ஒருவனின் முகத்தை நினைத்துக்கொண்டே அப்பக்கங்களைப் படித்தோம். அவன் நினைவிற் பொருந்தும் வரி ஒன்றேனும் அங்கு எமக்குக் கிடைக்கவில்லை. அவன் கணக்கில் முதல்வன், கபடியிற் பிடிபடாதவன்.

எமக்கு எழும் வினா இது. பவளத்தைத் தாமே பெயரிடத் துணியாது, புரூக்கின் தீர்ப்பிற்காகக் காத்திருந்தவர், மனிதரைப் பற்றித் தீர்க்க மட்டும் அத்துணை விரைந்தது ஏன்? கல்லிற் கிண்ணத்தை நோக்கவேண்டும் என்னும் அறிவு துறைக்கு இருந்தது. மனிதரிற் கிண்ணம் எது? தலைவடிவம் மாறாதது, மரபுவழி இறங்குவது என்றே அக்கால அளவையியலார் நம்பினர். அமெரிக்காவில் பிரான்சு போவாஸ் என்பவர், குடியேறிய ஐரோப்பியரின் பிள்ளைகளை அளந்து, புதுநாட்டிற் பிறந்தோரின் தலைவடிவு பெற்றோரினும் வேறுபடுகின்றது என்று 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் காட்டினார். அலைக்கேற்ப உருமாறும் பவளத்தை எண்ணினோர்க்கு அது புதுமையாய்த் தோன்றியிராது. அவர் கணக்கைப் பிற்காலத்தார் சிலர் மறுத்தும் சிலர் உறுதிசெய்தும் எழுதியுள்ளனர். இந்நாட்டிலோ அம்பேத்கர், தீண்டப்படாதோரைப் பற்றி 1948ஆம் ஆண்டில் எழுதிய நூலில், இத்தகைய மூக்களவுகளையே எடுத்து ஆண்டு, அந்தணர்க்கும் தீண்டப்படாதார்க்கும் இடையே இனவேற்றுமை இல்லை என்று நிறுவினார். துரைமார் கோலைக் கொண்டே துரைமார் கொள்கையை அளந்த அச்செயலை யாம் பலமுறை படித்து மகிழ்ந்தோம்.

எனினும் நடுநிலை பிறழ்தல் கூடாது. அத்தொகுதிகளில் மூக்களவு ஒரு சிறு பகுதியே. காட்சிசாலையிற் பணியாற்றிய கே. ரங்காச்சாரியார் துணைநின்று ஊர்ஊராய்த் திரட்டிய செய்திகள் பலவற்றை வேறெங்கும் காணமுடியாது. மறைந்துபோன தாலாட்டு விளையாட்டுகள், தொழிற்கருவிகள், நோன்புகள், விடுகதைச் சடங்குகள் ஆகியவற்றை ஆராயும் தமிழ் மாணவர் அந்நூலைத் தொடாது ஓரடியும் நகர இயலாது. எம் பாட்டியார் இளமையிற் கண்டதாய்ச் சொல்லிய ஒரு மணச்சடங்கை யாம் நம்பாதிருந்தோம். அதே சடங்கு தர்ஸ்டனார் நூலில் உள்ளது. எம் பாட்டியார் அதனை வாசிக்கக் கேட்டு, துரைக்கு இதைச் சொன்னவள் எவள் என்று மட்டும் வினவினார். அவ்வினாவிற்கு அந்நூலில் விடை இல்லை. சொன்னோர் பெயர் பெரும்பாலும் இல்லை. குலத்தின் பெயர் உண்டு.

ஓய்விற்குப் பின் இங்கிலாந்து சென்ற தர்ஸ்டனார், 1912ஆம் ஆண்டிற் தென்னிந்திய நிமித்தங்களையும் நம்பிக்கைகளையும் பற்றியும், 1913ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். அதன்பின் இந்தியாவைப் பற்றிய எழுத்துக் குறைந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் கடற்கரையில் வாழ்ந்து, அந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்வதில் இறங்கினார். 1922ஆம் ஆண்டிற் கார்ன்வால் தாவரங்களைப் பற்றிய பழைய நூலொன்றிற்கு நண்பரோடு சேர்ந்து ஒரு பின்னிணைப்பும், 1930ஆம் ஆண்டில் அங்கு வளரும் உள்நாட்டு வெளிநாட்டு மரங்களைப் பற்றித் தனிநூலும் எழுதினார். எழுபத்தைந்து வயதில் ஒருவர் வேலியோரம் நின்று இலையின் விளிம்பை நோக்கிக் குறிப்பெடுத்த காட்சி எம் மனத்திற்கு இனிதாகவே இருக்கின்றது. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பென்சான்ஸ் நகரில் மறைந்தார். கொம்புத் திருக்கை ஒன்றிற்கு 1908ஆம் ஆண்டில் லாய்டு என்னும் அறிஞர் மொபுலா தர்ஸ்டோனி என்று பெயர் சூட்டினார். அம்மீன் இன்றும் வெப்பக் கடல்களில் அப்பெயரோடு நீந்துகின்றது, தன் பெயர் தனக்குத் தெரியாமலே.

எம் பேழைக் கற்களின் கதை எஞ்சியுள்ளது. நூலைப் படித்த பின், பூதக்கண்ணாடியோடு மீண்டும் அக்கூடத்திற்குச் சென்றோம். முதற் கல்லில் ஐயமில்லை: கிண்ணம் எங்கும் ஒற்றைச் சுவர், பேவைட்டிஸ். சீட்டை எம் கையாலேயே ஒட்டினோம். மற்றதும் எளிதென்று எண்ணி எடுத்தோம். அதன் ஓரங்களிற் சுவர்கள் பிரிந்து, நடுவே பள்ளம் தெளிவாய் ஓடிற்று. உச்சிக்கு வரவரக் கிண்ணங்கள் நெருங்கிப் பள்ளம் மெலிந்து, ஓரிடத்தில் முற்றும் மறைந்து, இரண்டு வீட்டிற்கும் ஒரே சுவர் நின்றது. ஆசிரியரிடம் காட்டினோம். அவர் சாளரத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் நோக்கினார். பின்னர்ப் பேவியா என்ற சீட்டைப் பசை தடவாமல் அதன் அருகிலேயே வைத்துப் பேழையை மூடினார்.